பானெட்டுக்குள் சேறு: மழை முடிந்ததும் வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி

மழைக்காலம் முழுக்க எஸ்டேட் ரோட்டில் ஓடிய வண்டியின் பானெட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். பேட்டரித் தட்டின் ஓரம், டைனமோவுக்குக் கீழே, ரேடியேட்டரின் முகப்பு, வைப்பர் இருக்கும் பள்ளம் என்று எல்லா இடத்திலும் செம்மண் அப்பியிருக்கும். மேலே காய்ந்த மாதிரித் தெரியும். ஒரு கட்டியை விரலால் பெயர்த்தால் அடியில் ஈரம் பிசுபிசுக்கும். நீலகிரியின் பனியிலும் மூடுபனியிலும் அந்த ஈரம் லேசில் போகாது. பேட்டரித் தட்டு துருப்பிடிப்பதும், எர்த் வயர் போல்ட் பச்சை பூத்துச் செல்ஃப் இழுக்காமல் போவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மண்ணெண்ணெய் அடி என்பார் ஒருவர். வாட்டர் சர்வீஸில் விட்டால் அரை மணியில் முடிந்துவிடும் என்பார் இன்னொருவர். எஞ்சின் பக்கம் தண்ணீரே காட்டாதே என்பார் மூன்றாமவர். எங்கள் கொழுந்து ஏற்றும் பிக்கப்பை ஓர் இடத்தில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் எஞ்சின் உதற ஆரம்பித்து, மஞ்சள் விளக்கும் எரிந்தது. மெக்கானிக் வந்து சென்சார் பிளக்குகளைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. கூலியும் போய், அன்றைய லோடும் போயிற்று. அதற்கப்புறம் விவரம் தெரிந்த மெக்கானிக்குகளைக் கேட்டும், மேனுவலைப் படித்தும், வண்டியில் செய்து பார்த்தும் பிடிபட்ட முறையைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வண்டி வாங்கி மலையில் ஓட்டுகிறவர்கள் அந்த அலைச்சலுக்கு ஆளாகக் கூடாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் காய்ந்த நிலையிலேயே எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்க வேண்டும். தண்ணீர் கடைசியில், கொஞ்சமாக. அப்புறம் காய வைப்பதற்கு நிறைய நேரம்.

1. உங்கள் வண்டிக்கு இந்த முறை பொருந்துமா?

எலக்ட்ரிக் வண்டி, ஹைப்ரிட் வண்டி இரண்டுக்கும் இது வேண்டாம். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தக் கேபிள். அதன் அருகே தண்ணீரும் பிரஷும் கொண்டுபோகாமல் சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

வெள்ளத்திலோ ஓடையிலோ மாட்டி, எஞ்சின் உயரத்துக்குச் சேற்றுத் தண்ணீர் ஏறிய வண்டியும் இந்தக் கட்டுரைக்குள் வராது. அதைச் சுத்தம் செய்வது இருக்கட்டும், முதலில் சாவியே போடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்த மாத்திரத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆயில் ஒழுகுகிறது, கூலன்ட் குறைகிறது, ஒயர்களை எலி கடித்திருக்கிறது என்றால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். தோல் உரிந்த ஒயரில் தண்ணீர் பட்டால் வேலை இரட்டிப்பாகும்.

மற்றபடி சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இது தாராளமாகப் பொருந்தும். பழைய டீசல் ஜீப்பில் எலக்ட்ரானிக் சமாச்சாரம் குறைவு, கொஞ்சம் தைரியமாகச் செய்யலாம். புதிய டீசல் வண்டிகளில் எங்கு பார்த்தாலும் சென்சார் இருக்கும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழி இருக்கிறதே, அதுதான் ஆபத்தான இடம்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

சுத்தம் செய்வதற்கு எதற்குக் காகிதம் என்று தோன்றும். நான்கு காகிதங்கள் வேண்டும்.

ஓனர்ஸ் மேனுவல்: ஃபியூஸ் பாக்ஸ், இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), ஏர் இன்டேக் எங்கே இருக்கின்றன, பேட்டரியைக் கழற்றினால் எதையெல்லாம் திரும்பச் செட் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன, இறக்கிக்கொள்ளலாம்.

வாரண்டி புத்தகம்: வாரண்டியில் உள்ள வண்டி என்றால் எந்தக் கனெக்டரையும் பிரிக்காதீர்கள், சீல் வைத்த பெட்டியைத் திறக்காதீர்கள். தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன எலக்ட்ரிகல் பாகத்துக்கு வாரண்டி கேட்டுப் போனால் பேச்சு நீளும்.

இன்ஷூரன்ஸ் பாலிசி: சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மழைப் பிரதேசத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆர்.சி. (பதிவுச் சான்று): சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வரப்போகிற வண்டிக்காரர்கள் அதைக் கட்டாயம் படியுங்கள்.

கடைசியாக, போனில் படம். பானெட்டைத் திறந்ததும் நான்கு மூலையிலிருந்தும் நல்ல வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். எந்த ஒயர் எந்தக் கிளிப்பில் இருந்தது, எந்த ஹோஸ் எந்தப் பக்கம் போனது என்று சாயங்காலம் சந்தேகம் வந்தால் அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

3. எந்த மாதம், எந்த நேரம்

மலையில் இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடித்துப் பெய்யும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் பெரிது. உங்கள் பக்கம் எந்த மழை பெரிதோ அது ஓய்ந்தபின் செய்யுங்கள். மழைக்கு நடுவில் செய்தால் அடுத்த நாளே மறுபடி சேறு ஏறும். அதைவிட மோசம், நனைத்தது காயாமல் நிற்பது.

மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி நாட்களில் வெயில் நன்றாக இருக்கும். ஆனால் ஊட்டி, தலைகுந்தா பக்கம் காலையில் உறைபனி விழுகிறது. பத்து மணிக்கு முன் தண்ணீர் வேலையைத் தொடங்காதீர்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் துணி கூடக் காயாத ஊர் இது. ஆகவே எட்டரை மணிக்குக் காய்ந்த மண் எடுக்கும் வேலை, பத்து மணிக்குத் தண்ணீர், பதினொன்றரைக்குள் தண்ணீர் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெயில் அதன் வேலையைப் பார்க்கட்டும். அரை நாளுக்கு மேலேயே ஆகும். அன்றைக்கு லோடு, வாடகை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த வண்டி என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து விடுங்கள். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் சைலன்சர் மேனிஃபோல்டின் அருகே கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஆவி அடித்துக் கை வெந்துபோகும். முதல் நாள் இரவே நிறுத்திய வண்டி என்றால் இன்னும் உத்தமம்.

4. வாங்க வேண்டியவை, செலவு

எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் எஞ்சின் டிகிரீசர், தண்ணீரில் கலக்கும் வகை, அரை லிட்டர் போதும். சுமார் 250 முதல் 400 ரூபாய் வரை ஆகும். இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ் இரண்டு, பழைய டூத் பிரஷ் நாலைந்து, ரப்பர் கையுறை, பழைய பனியன் துணி நிறைய, ஆப்ப சோடா ஒரு பாக்கெட், பெட்ரோலியம் ஜெல்லி சின்ன டப்பா, 10 எம்.எம். ஸ்பேனர். கையுறையும் பிரஷும் சேர்த்து 150 ரூபாய்க்குள் அடங்கும். எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆகமொத்தம் 600 ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். டிகிரீசர் மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் தீரும் பொருள்.

தெளிப்பதற்குத் தோட்டத்து மருந்து பம்பை எடுக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். தேயிலைக்கோ காய்கறிக்கோ மருந்து அடித்த பம்பு என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் ஓஸிலும் நாசிலிலும் மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பானெட்டுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு தெளிக்கப்போகிறீர்கள், அது நேராக மூக்குக்குள் போகும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைத்தெளிப்பான் ஒன்று தனியாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் பிசுக்கை உடனே கரைக்கும், உண்மைதான். கூடவே ரப்பர் ஹோஸையும் பெல்ட்டையும் ஊற வைத்துக் கெடுக்கும். எஞ்சின் சூடானதும் அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பாத்ரூம் ஆசிட் அலுமினியத்தை அரித்துவிடும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. இரும்பு நாரும் வேண்டாம்; அதன் துகள் டெர்மினலில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

5. வண்டியை நிறுத்தும் இடம்

நம் ஊரில் சமதரை கிடைப்பதே அபூர்வம். ஆனாலும் தேடுங்கள். சரிவில் நிறுத்திய வண்டிக்கு முன்னால் நின்று குனிந்து வேலை செய்யக் கூடாது. சமதரையிலும் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கல் வையுங்கள். பானெட் தாங்கும் கம்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். மலைக் காற்று பானெட்டைத் தூக்கிப் போடும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பதையும் இப்போதே பாருங்கள். உங்கள் வாசலில் விடும் தண்ணீர், கீழே இருக்கிற வீட்டின் ஊற்றுக்கோ ஓடைக்கோதான் போய்ச் சேரும். எஞ்சின் அடியில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, நான்கு ஓரத்திலும் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டால் தொட்டி மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்ததும் அதில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் மரத்தூளையோ தேங்காய் நார்த் தூளையோ கொட்டி உறிஞ்ச வைத்து, மூடி போட்ட டப்பாவில் அள்ளி வையுங்கள். பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய்த் துணிகளையும் அடுப்பு, விறகு பக்கம் குவித்து வைக்காமல் அதே டப்பாவில் போட்டு மூடுங்கள்.

6. கையை உள்ளே விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

குளிருக்கு எலி தேடி வரும் இடம் வெதுவெதுப்பான எஞ்சின் மேல்புறம்தான். எலி வந்தால் அதன் பின்னால் பாம்பும் வரலாம். பேட்டரிக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில், எஞ்சின் மேல் மூடிக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள்.

எலிக்கூடு இருந்தால் காய்ந்தபடியே பிரஷால் தட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கூட்டை ஈரமாக்கி, அப்படியே அள்ளிப் போடுங்கள். பக்கத்து ஒயர்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து இலைதழை. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சில்வர் ஓக் இலையும் யூகலிப்டஸ் இலையும் மட்கிக் கிடக்கும். அந்தப் பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. அது அடைத்தால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும், கால்மிதி நனையும், சில வண்டிகளில் ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் போகும். கையால் இலையை எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு ஓட்டையைத் திறங்கள். கம்பி விடாதீர்கள், பெயின்ட் உரிந்து துரு ஏறும். சைலன்சர் மேனிஃபோல்ட் மேல் காய்ந்த இலை ஒட்டியிருந்தால் ஒன்று விடாமல் எடுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூடாகும்போது முதலில் புகைவது அதுதான்.

7. பேட்டரியைக் கழற்றுதல்

சாவியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். கரண்டு போனதும் சென்ட்ரல் லாக் சண்டித்தனம் செய்வதுண்டு.

எப்போதும் நெகட்டிவ் முதலில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. பல வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் உங்கள் விரல்களுக்குப் பாதுகாப்பு.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக் கிளம்பும், பயப்பட வேண்டாம். ஆனால் பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கினால் பேட்டரி கெட்டது. பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். பேட்டரியைத் தூக்கிவிட்டு அடித்தட்டையும் பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில் சேறு அதிகமாகத் தேங்குவதும் துரு முதலில் தொடங்குவதும் அந்தத் தட்டில்தான்.

8. மூட வேண்டியவை

ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய், டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், இ.சி.யூ., இக்னிஷன் காயில், ஹார்ன், பிரேக் ஆயில் டப்பா. இவை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடி ரப்பர் பேண்டாலோ கயிற்றாலோ கட்டுங்கள். ஆயில் ஊற்றும் மூடியும் ஆயில் கேஜும் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம் நம்முடையது. அதற்காகப் பை தேடி அலைய வேண்டாம். கிழிந்த மழைக்கோட்டு, உர மூட்டையின் உள்ளுறை இரண்டும் கெட்டியாக இருக்கும், கழுவி அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாம். உர உறையை மட்டும் முதலில் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். ஒட்டியிருக்கும் உரத்தூள் இரும்பை அரிக்கும்.

எத்தனை மூடி போட்டீர்கள், எத்தனை துணி உள்ளே வைத்தீர்கள் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதிவையுங்கள். காற்று வாயில் அடைத்த துணியை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அதை உள்ளே இழுக்கப் பார்க்கும்.

9. காய்ந்த மண்ணை எடுப்பது

அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள். பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பெரிய கட்டிகளை மரக்குச்சியாலோ பழைய பிளாஸ்டிக் ஸ்கேலாலோ நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒயர் உறையைக் கிழித்துவிடும். கனெக்டர்களின் மேல் இருக்கும் மண்ணை மட்டும் டூத் பிரஷால், ஒவ்வொன்றாக, வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். வீட்டில் வாக்குவம் கிளீனர் இருந்தால் பிரஷ் தட்டுகிற இடத்திலேயே குழாயைப் பிடித்தால் தூசி கிளம்பாது.

இப்படி எடுத்து முடித்தால் சேறு பெரும்பாலும் போயிருக்கும். நிறைய வண்டிகளுக்கு இதற்கப்புறம் ஓர் ஈரத்துணித் துடைப்பே போதும். வண்டியில் ஆயில் பிசுக்கு இல்லையென்றால் 10ஆம் படியைத் தாண்டிவிடுங்கள். வலியப் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை.

10. பிசுக்கும் தண்ணீரும்

ஆயிலும் மண்ணும் சேர்ந்து கருப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும் இடங்களில் மட்டும் டிகிரீசர். தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுட வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குளிரில் பச்சைத் தண்ணீரில் டிகிரீசர் சரியாக வேலை செய்யாது. இங்கே பலர் ‘மட்டமான சரக்கு’ என்று திட்டுவதற்கு அதுவே காரணம். கைபொறுக்கும் சூடு போதும்.

ஒரு பகுதிக்குத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, பிரஷால் தேய்த்து, காய்வதற்குள் துடைத்து எடுங்கள். பிறகு அடுத்த பகுதி. மொத்த எஞ்சினுக்கும் ஒரே மூச்சில் தெளித்தால் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் முதல் பகுதி காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடும். பெல்ட் மேலும், பெல்ட் போகும் பாதை, ஏ.சி. காஸ் விவரம் எழுதிய ஸ்டிக்கர்கள் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டிக்கர் அழிந்தால் பின்னால் மெக்கானிக் தவிப்பார்.

அலசுவதற்குக் கைத்தெளிப்பானை மெல்லிய சாரலாக வைத்து, மேலிருந்து கீழே. ஓஸ் வைத்துப் பீய்ச்சாதீர்கள். பிரஷர் வாஷர் வீட்டில் இருந்தாலும் அதை டயருக்கும் மட்கார்டு உட்புறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மழையைத் தாங்கும்படிதான் கனெக்டர்களைச் செய்திருக்கிறார்கள், பிரஷர் தண்ணீரைத் தாங்கும்படி அல்ல. ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. எனக்கு ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தேவைப்படுவதில்லை.

11. ரேடியேட்டர்

கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, கூலன்ட் சரியாகத்தான் இருக்கிறது என்றால் ரேடியேட்டர் முகப்பைப் பாருங்கள். ஏ.சி. வண்டிகளில் முன்னால் ஏ.சி.யின் கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சேறும் இலையும் பூச்சியும் அடைத்துக் காற்றை மறித்துவிடும்.

எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். வந்த வழியிலேயே மண் திரும்பிப் போகும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். அந்த அலுமினியத் தகடுகள் நகம் பட்டாலே மடங்கிவிடும். பிரஷை மேலும் கீழுமாக, தகடு போகும் திசையிலேயே, மென்மையாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. கெட்டியான சேறாக இருந்தால் ஊற விட்டு இரண்டு மூன்று தடவையாக எடுங்கள்.

12. காய வைப்பது

முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்து, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் இருந்தால் கூர்முனை நாசில் மாட்டி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கனெக்டர் இடுக்கு, போல்ட் குழி, ஸ்பார்க் பிளக் சுற்றுப்புறம், டைனமோ அடிப்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக ஊதுங்கள். தண்ணீர் எங்கெங்கோ ஒளிந்திருந்து தெறிக்கும். ஹேர் டிரையர் என்றால் சூடில்லாத காற்றில் வையுங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

பிறகு மூடிகளை அவிழ்த்துவிட்டு, பானெட்டை முழுக்கத் திறந்தபடி வெயில் படும் திசையில் குறைந்தது மூன்று மணி நேரம். மேகமாக இருந்தால் மறுநாள் மதியம் வரை விடுங்கள். இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது. வெளியே காய்ந்தது போலத் தெரியும் கனெக்டரின் அடியில் ஈரம் நிற்கும். ஊட்டியின் இரவுக்குளிரில் பானெட்டை ஈரத்தோடு மூடினால் காலையில் உள்ளே முழுக்க வியர்த்திருக்கும்.

13. ஸ்டார்ட் செய்வது

எண்ணி எழுதிய தாளை எடுங்கள். மூடிகளும் துணிகளும் எண்ணிக்கை சரியாக வெளியே வந்துவிட்டனவா? கருவிகள்? அப்புறம் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். டெர்மினல் மேல் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக.

கழுத்தில் மஃப்ளரோ தோளில் சால்வையோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓடும் எஞ்சின் அருகே போக வேண்டும். குளிருக்குப் போர்த்தியபடியே குனிகிற பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. தொங்கும் நுனியை பெல்ட் இழுத்தால் சுதாரிக்க நேரம் இருக்காது. வண்டி ஷெட்டுக்குள் இருந்தால் வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய இடத்தில் எஞ்சின் புகை உயிரைக் குடிக்கும்.

இருபது நிமிடம் ஐடிலில் ஓடட்டும். முதலில் கொஞ்சம் ஆவி கிளம்பும், பெல்ட் சில நொடி கீச்சிடும். இரண்டும் தானாக அடங்க வேண்டும். எஞ்சின் உதறினாலோ, செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மினுக்கினாலோ உடனே நிறுத்துங்கள். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கெடுக்கும், அது விலை கூடிய சாமான். பெரும்பாலும் பிளக் குழியில் ஈரம் இருக்கும். மறுபடி ஊதி, இன்னும் சில மணி நேரம் காய விட்டாலே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஹார்ன், ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதல் ஓட்டம் சமதரையில், மெதுவாக. பிரேக்கை நாலைந்து தடவை அழுத்திப் பிடிப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் இறக்கத்தில் இறங்குங்கள்.

14. எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு

வாடகை, சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆய்வில் சேஸிஸ் எண்ணைப் பார்ப்பார்கள், பென்சில் பிரிண்ட் (எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) கேட்பார்கள். சேறும் பிசுக்கும் மூடி எண் தெரியாமல் போனால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான். எங்கள் பிக்கப்புக்கு அப்படி ஒரு நாள் வீணாகப் போனது.

பல கார்களில் அந்த எண் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள இரும்புத் தடுப்பில் இருக்கும். ஜீப், பிக்கப் வகைகளில் சேஸிஸ் சட்டத்தில். உங்கள் வண்டிக்கு எங்கே என்று மேனுவலில் படம் இருக்கும். டிகிரீசரும் டூத் பிரஷும் மட்டும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். எண் மேல் உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் படவே கூடாது. எழுத்து கொஞ்சம் தேய்ந்தாலும், யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதைத் தீர்ப்பதற்குள் நீங்கள் படும் பாடு சேற்றை விடப் பெரிது. பெயின்டும் அடிக்காதீர்கள். எண் தெளிவாகத் தெரிந்ததும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, படம் எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்வதை ஆய்வுக்கு முதல் நாள் வைத்துக்கொள்ள வேண்டாம், பத்து நாளாவது முன்னால் செய்யுங்கள். சேறு போன எஞ்சினில்தான் ஆயில் எங்கே கசிகிறது என்பது தெரியும். கசிவு இருந்தால் கேஸ்கெட் மாற்ற அந்த இடைவெளி வேண்டும். பளபளக்க வைக்கும் சிலிக்கான் ஸ்பிரேயும் வேண்டாம், அடுத்த ஓட்டத்தில் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும்.

ஒரு வாரம் ஓட்டியபின் பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மேடு பள்ளத்தில் அவை தளர்ந்திருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், செம்மண் ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்த பெரிய சுத்தம் அடுத்த மழை முடிந்த பிறகு போதும். நடுவில் மாதம் ஒரு தடவை இலைதழையும் காய்ந்த கட்டியும் எடுத்து வந்தால் அப்போது டிகிரீசர் பாட்டில் பாதி கூடச் செலவாகாது.